ஒன்பது மணிச் சங்கு

அந்தச் சனிக்கிழமை மாலை என் தம்பி வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். தம்பி செபாஸ்டியன், அவன் மனைவி ஜெயமேரி, அவர்களுடைய மருமகளான இடைநிலை ஆசிரியை விமலாராணி, பள்ளிக்கூடத்துப் பியூன் கொளஞ்சியப்பன், செபாஸ்டியனுக்கு மூத்தவனான செல்வநாதன், அதாவது நான். ஆறாவது ஆள் கிடையாது. தெருவே கூடி நின்று மெமோவைக் கேட்டதாகப் பின்னால் பேசியவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட நிற்கவில்லை.

1968 நவம்பர். கொளஞ்சியப்பன் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, சட்டைக்குள் தபால் நோட்டை வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தான். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. விமலாராணி வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் தலைமையாசிரியர் அதை எழுதி முடித்தாராம். திங்கட்கிழமை வரை வைத்திருக்கக் கூடாது, இன்றைக்கே கையெழுத்து வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்.

விமலாராணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். செபாஸ்டியன் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, உரக்க வாசித்தான். அக்டோபர் ஏழாம் தேதியிலிருந்து நவம்பர் இருபது வரை ஒன்பது நாட்கள் தாமதம். மூன்று தாமதத்துக்கு ஒரு தற்செயல் விடுப்பு என்ற கணக்கில் மூன்று விடுப்பு கழிக்கப்படுகிறது. ஏன் தகுதிகாண் பருவத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இப்படிக்கு, சக்கரபாணி, தலைமையாசிரியர்.

எங்கள் வீட்டில் யாரும் மெமோ வாங்கியதில்லை. நான் விருத்தாசலம் ஜங்ஷனில் முப்பத்தொரு வருஷம் சிக்னல் இழுக்கும் கேபின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மெமோ கிடையாது. செபாஸ்டியன் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த பீங்கான் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் சங்கு ஊதுகிறவன். ஒரு மெமோ கிடையாது. அவன் மகன் ஸ்தனிஸ்லாஸ் பட்டாளத்தில், ஜபல்பூரில். அங்கே மெமோ என்றால் வேறு மாதிரி. அதுவும் கிடையாது. வந்த மருமகளுக்கு முதல் மெமோ.

"எத்தினி நிமிசம் லேட்டும்மா?" என்று செபாஸ்டியன் கேட்டான்.

"ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் மாமா. ஒம்போது இருவதுக்கு செவப்பு கோடு போட்டுருவாரு. நான் உள்ள போறப்ப ஒம்போது இருவத்தி ஒண்ணு."

"வூட்லேருந்து எப்ப கெளம்பற?"

"சங்கு ஊதனதும்."

"சங்கு எப்ப ஊதுது?"

அது கேள்வியே அல்ல. ஒன்பது மணிச் சங்கு ஒன்பது மணிக்கு ஊதும். அவன் வீட்டில் அதைக் கேள்வியாகக் கேட்கிற வழக்கம் இல்லை.

"அப்ப பதினஞ்சு நிமிசம் நட. ஒம்போது பதினஞ்சு. அந்த ஆளு கையில கட்டியிருக்கறது கடியாரமா, காப்பா?" என்றான்.

கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். ஜெயமேரி என்னிடம் நேராகப் பேச மாட்டாள். புருஷனுக்கு மூத்தவன் என்ற மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அன்றும் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டே, "பெரியவங்களா இருக்கறவங்க ஒரு வார்த்த எடுத்துச் சொன்னா என்னவாம்" என்று சட்டியிடம் சொன்னாள். யாரிடம் எடுத்துச் சொல்வது என்று சட்டிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதன் சுவரில் பெண்டுலம் ஆடும் ஒரு பழைய கடிகாரம், பக்கத்தில் சங்கின் சுவிட்சு. ஏழரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, ஆபீஸ்காரர்களுக்காக ஒன்பதுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு, ஐந்துக்கு. களிமண் மிதிக்கிறவர்கள், அச்சில் வார்க்கிறவர்கள், பச்சைக் கோப்பைகளைப் பலகையில் அடுக்கித் தலையில் சுமந்து சூளைக்குக் கொண்டுபோகிற பெண்கள் என நானூறு பேருக்கு அதுதான் பொழுது. அவர்களுக்கு மட்டுமல்ல. டீக்கடைக்காரர் பாய்லரை இறக்குவது அதைக் கேட்டுத்தான். எங்கள் கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு உபதேசியார் மணி அடிப்பதும் அதைக் கேட்டுத்தான். அவனுக்கு ஊரில் சங்கு செபாஸ்டியன் என்றே பெயர். அதில் கேலி இல்லை.

அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலை கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகும். வேறு வழியில்லை. விமலாராணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாமனார் ஒரு ஒழுங்கு சொல்லிவைத்தான்: சங்கு ஊதியதும் கிளம்பு, சரியாக இருக்கும். முதல் வருஷம் சரியாகவே இருந்தது. ஒரு நாள் தாமதம் இல்லை. செப்டம்பரில் சக்கரபாணி மாற்றலாகி வந்தார். அக்டோபரில் சிவப்புக் கோடு ஆரம்பித்தது. ஆகவே குற்றம் சக்கரபாணியிடம். செபாஸ்டியன் போட்ட கணக்கு இவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கும் சரியாகவே பட்டது.

பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. சொல்லவும் செய்தேன்.

"எப்படிண்ணே?" என்றான் செபாஸ்டியன். "நான் கேட்டுல நிக்கறேன். சங்கு ஊதறதுக்கு முன்னாடியே என் மருமவ கேட்டத் தாண்டிப் போறா. எதிர்ல டீக்கடையில முப்பது பேரு நிக்கறான். சங்கு ஊதறவன் வூட்லயே சங்க நம்பலன்னு சொல்ல மாட்டானா?"

சரி, வேகமாக நடக்கட்டும் என்றேன். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. அதற்கு முந்தின வாரம் அவள் வேகமாகத்தான் போயிருக்கிறாள். குடையும் பையும் சாப்பாட்டுத் தூக்குமாக, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடியும் இருக்கிறாள். டீக்கடையில் யாரோ, "டீச்சருக்கு ரயிலு வந்துடுச்சாடா" என்று கேட்டிருக்கிறார்கள். அது அவன் காதுக்கு வந்துவிட்டது. நம்ம வீட்டுப் பெண் ரோட்டில் ஓடுவதா என்று அன்றோடு ஓட்டத்துக்கும் தடை. ரிக்‌ஷாவில் போகலாமா என்று ஜெயமேரி கேட்டபோது, கால் நன்றாக இருக்கிறவள் ரிக்‌ஷாவில் போனால் என்ன நோய் என்று கேட்பார்கள் என்றான்.

முன்னால் போகக் கூடாது, ஓடக் கூடாது, ஏறிப் போகக் கூடாது, தாமதமாகவும் போகக் கூடாது. அந்தப் பெண் பறந்துதான் போக வேண்டும்.

மறுநாள் பூசை முடிந்து திரும்பும்போது விமலாராணியிடம் கேட்டேன், ஹெட்மாஸ்டர் எப்படிப்பட்ட மனிதர் என்று. குறை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"கெட்டவரு இல்லைங்க பெரிய மாமா. சேத்தியாத்தோப்புலேருந்து மொத பஸ்ஸுல வராரு. எட்டே முக்காலுக்கெல்லாம் சீட்டுல இருப்பாரு. பதினஞ்சு நிமிஷ தூரத்துல இருக்கற நான் லேட்டுன்னா அவருக்குக் கோவம் வராதா? எதுவானாலும் முன்னாடியே சொல்லிட்டா கேட்டுக்குவாரு. நடந்த பொறவு காரணம் சொன்னாதான் பிடிக்காது. என் பாடக்குறிப்பு நோட்ட மத்த டீச்சருங்களுக்கு எடுத்துக் காட்டியிருக்காரு. அந்த நல்ல பேரு எல்லாம் இந்த ஒரு நிமிஷத்துல போவுது."

"வெளக்கம் என்னான்னு எழுதன?"

"தாமதத்துக்கு நானே பொறுப்புன்னு எழுதிட்டேன்."

மூன்று நாள் அவகாசம் கேட்டதற்கு மூன்று சொல்லில் பதில். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரத்தனம் சிவப்புக் கோட்டை அழிக்காது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கோடு விழுந்தது.

டிசம்பர் முதல் வாரம். மழை விட்டு, மணிமுத்தா நதியில் செந்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஜபல்பூர் போகிற வழி, மாற வேண்டிய வண்டி எல்லாம் விசாரித்து வைக்கலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு இல்லை, நீங்களே விமலாவைக் கூட்டி வாருங்கள் என்று ஸ்தனிஸ்லாஸ் எழுதியிருந்தான். நடக்கிற காரியமில்லை. ஆனாலும் விசாரித்து வைப்பது என் பழக்கம். ஓய்வு பெற்று இரண்டு வருஷம், நான் அந்தப் பலகையின் பக்கம் போகவில்லை. அன்று அதன் முன்னால் போய் நின்றேன். வண்டி நேரங்களை எழுதிவைத்த பெரிய பலகை. புதுப் பெயிண்ட். அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் என்று மேலே எழுதியிருந்தது.

கடலூர் பாசஞ்சர் வருகை 7.40 என்பதுதான் எனக்கு மனப்பாடம். பலகையில் 7.46 என்றிருந்தது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். செபாஸ்டியன் அவனுடைய கடிகாரத்தை எதைப் பார்த்து வைக்கிறான் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். கேட்டறைக்குப் பின்னால்தான் பாதை. பாசஞ்சர் உள்ளே வருகிறபோது ஏழு நாற்பது, அதைப் பார்த்து முள்ளைச் சரிபண்ணிக்கொள் என்றேன். ஏதாவது ஒருநாள் வண்டி தாமதமானால் அவன் கடிகாரத்தைத் தொட மாட்டான். ஆனால் ஒரு வாரம் தொடர்ந்து ஆறு நிமிஷம் தள்ளி வந்தால்? ரயில் ஒரு வாரமா தப்பாக வரும்? நம் கடிகாரம் அல்லவா முந்துகிறது என்று முள்ளைப் பின்னால் தள்ளியிருப்பான். தள்ளித்தான் இருக்கிறான். அக்டோபர் ஏழாம் தேதி முதல் சிவப்புக் கோடு. கணக்கு ஒரு நாள் பிசகவில்லை.

காலையில் ஆறு நிமிஷம் தள்ளி ஊதினால் மாலையிலும் ஆறு நிமிஷம் தள்ளி ஊதும். வேலைக்காரர்களுக்கு நஷ்டமில்லை, கம்பெனிக்கும் நஷ்டமில்லை. மேனேஜர் பத்து மணிக்குக் காரில் வருகிறவர். கடிகாரம் கட்டியவர்கள் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். ரேடியோ வைத்திருந்த நாலு வீட்டில் தெரிந்திருக்கும். ஆறு நிமிஷத்துக்காக யார் கம்பெனி வாசலில் வந்து நிற்பார்கள்? இந்த ஊரில் அந்த ஆறு நிமிஷத்தால் அடிபட்டவள் ஒருத்திதான். அவள் சங்கு ஊதுகிறவனின் மருமகள்.

நேராகக் கேட்டறைக்குப் போனேன். தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது, அவன் கடிகாரத்தில். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டு, தலை வாரி, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். வெயிலில் காயவைத்த ஊறுகாய் ஜாடிகள் வாசல்வரை வரிசையாக இருந்தன. பட்டறை மேஸ்திரி பழமலை புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்துக்கொண்டு அங்கே காத்திருந்தார்.

"வாங்கண்ணே, ஒக்காருங்க" என்றார் பழமலை. "தம்பி ஊதட்டும், நான் முள்ள வச்சுக்கறேன். பஸ் ஸ்டாண்டு கடியாரம் ஆறு நிமிசம் முந்துது பாத்தீங்களா? எவன் வச்சானோ."

"அவனுக்கு ரயிலப் பாத்து வைக்கத் தெரியாது" என்றான் செபாஸ்டியன். "எனக்கு எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சுவிட்சைப் போட்டான்.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் கோயில் மணியும் அடித்தது. அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். நான் இந்த வருஷம் மழை பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னை யாரும் தூற்ற வேண்டாம், நானே நிறையத் தூற்றிக்கொண்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். ஆனால் சொன்னால் நானூறு பேருக்கு இரண்டு மாதம் தவறாக ஊதினான் என்று ஆகும். ஹெட்மாஸ்டர் சொன்னது சரி என்று ஆகும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்றும் ஆகும். எதை முதலில் மனதில் வைத்து வாயை மூடினேன் என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜனவரியில் இரண்டாவது மெமோ வந்தது. பிப்ரவரி கடைசிக்குள் தகுதிகாண் அறிக்கை பள்ளிக்கூட டெப்டி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. நீட்டித்தால் ஒரு வருஷம் பின்னால் போவாள். தூரத்துக்கு மாற்றலும் போடலாம். வேப்பூருக்கு அப்பால் எங்கேயாவது. நிரந்தரமானால் ஜபல்பூருக்கு ஒரு தடவை போய்வர விடுப்பு கேட்கலாம் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது ஐம்பது நாள்.

செபாஸ்டியன் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். வேண்டாம் மாமா என்று அவள் சொன்னாள். ஜெயமேரி அடுப்பிடம் சொன்னாள். நான் கூடப் போனேன், வாய் முற்றினால் இழுத்துக்கொண்டு வரலாம் என்று.

சக்கரபாணி ஒல்லியான மனிதர். நெற்றியில் சிறிய திருமண் கீற்று, பொத்தான் எல்லாம் போட்ட சட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: இந்த இரண்டு பேரையும் ஒரே தறியில் நெய்திருக்கிறார்களோ. எங்களை உட்காரச் சொன்னார். செபாஸ்டியன் உட்காரவில்லை.

"போன வருசம் இதே சங்கு, இதே ரோடு, இதே காலு. ஒரு நாளு லேட்டு கெடையாது. நீங்க வந்த பொறவுதான் லேட்டு. அப்ப தப்பு யாருகிட்டங்க?"

"உங்க சங்கு உங்க கம்பெனிக்குங்க. இங்க பெல்லு."

"பெல்லு எதப் பாத்து அடிக்கறீங்க?"

"ரேடியோவப் பாத்து வாட்ச வைக்கறேன். வாட்சப் பாத்து பெல்லு."

"ரேடியோ டில்லியில பேசுது. ரயிலு நம்மூட்டுப் பொறத்தால போவுது. எது கிட்டங்க?"

சக்கரபாணி வருகைப் பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க. உங்க மருமக நல்லா பாடம் எடுக்கறாங்க. அத எழுத நான் தயாரா இருக்கேன். ஆனா இந்தப் பதினாலு செவப்பு கோட்ட எந்தக் கையால மறைக்கறது? அவங்க வேல செய்யறது எங்கிட்டயா, உங்ககிட்டயா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நாலாம் வகுப்பு. விமலாராணி எங்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பலகையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள். சாக்பீஸ் உடைந்தது. குனிந்து எடுத்து, மறுபடி எழுதினாள். திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு சக்கரபாணி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எது வேண்டுமானாலும் சுற்றறிக்கை நோட்டில் எழுதிக் கொளஞ்சியப்பனிடம் கொடுத்தனுப்புவார். சாக்பீஸ் தீர்ந்ததா என்று கேட்பதற்கும் நோட்டு. கொளஞ்சியப்பன் என்னை மார்க்கெட்டில் பார்த்து, "நடந்து நடந்து என் செருப்பு தேயுதுங்க. ரெண்டு பெரிய மனுசரும் ஒரு நிமிசத்துக்காக அடிச்சிக்கறாங்க, நான் ஒரு நாளைக்கு நாப்பது நிமிசம் நடக்கறேன்" என்றான்.

வீட்டிலும் பேச்சு குறைந்தது. செபாஸ்டியன் வெற்றி பெற்றவன்போல இருந்தான். ஜெயமேரி களி கிண்டும் துடுப்பைப் பானையில் அடிக்கிற சத்தம் தெருவரை கேட்கும். விமலாராணி சாப்பிட்டாள், நோட்டு திருத்தினாள், சங்கு ஊதியதும் கிளம்பினாள், சிவப்புக் கோட்டின் கீழ் கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வரும்போது, அவளை நிறுத்தினேன். இனித் தாங்காது என்று தோன்றியது.

"விமலா, ஒண்ணு சொல்லணும். சங்கு..."

"தெரியும் பெரிய மாமா."

"என்ன தெரியும்?"

"ஆறு நிமிஷம். ஸ்கூல் ரேடியோவுல தெரிஞ்சுது. நவம்பர்லயே."

"அப்ப ஏம்மா வூட்ல சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"வெளக்கத்துல அத எழுதியிருக்கலாமே" என்றேன்.

"எழுதனா ஸ்கூல் ஃபைல்ல மாமா பேரு ஏறும். அது அழியாது. எம்பேருல கோடு விழுந்தா நானே ஒரு நாளு சரி பண்ணிக்கலாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள். "நாளைக்கு ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசப் போறேன். காரணம் சொல்லப் போறதில்ல. வேல கேக்கப் போறேன்."

என்ன வேலை என்று அப்போது சொல்லவில்லை. பின்னால் தெரிந்தது இதுதான். அப்பா அம்மா இருவரும் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள் எட்டரை தாண்டியதுமே பள்ளிக்கூடத்தில் வந்து விழுந்துவிடுவார்கள். பள்ளிக்குப் பின்னால் கம்பெனி கொட்டிய பீங்கான் சில்லு மேடு. அதில் ஏறிக் கோப்பைக் காதும் பொம்மைத் தலையும் பொறுக்குவார்கள். ஜனவரியில் மட்டும் மூன்று பிள்ளைகளுக்குக் காலில் வெட்டு. ஒரு பெண்ணுக்கு நாலு தையல். முன்னதாக வந்து பார்த்துக்கொள்ள யாராவது முன்வருவீர்களா என்று சக்கரபாணி இரண்டு முறை நோட்டில் சுற்றுக்கு விட்டிருக்கிறார். எல்லோரும் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவரே வெயிலில் மேட்டின் கீழ் நின்று கத்திக்கொண்டிருப்பாராம்.

இவள் அவர் எதிரில் போய் நின்று, அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள் சார் என்றிருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"எத்தன மணிக்கு வருவீங்க?"

"எட்டே முக்காலுக்கு, சார். நீங்க சீட்டுல ஒக்காரறப்ப நான் மேட்டுகிட்ட இருப்பேன்."

"ஒம்போது இருவதுக்கே வர முடியல."

"ஆர்டர் போட்டுக் குடுத்தீங்கன்னா முடியும் சார். வாயால சொன்னா முடியாது. எழுத்துல வேணும். சீல் வச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தாராம். கொளஞ்சியப்பன் வாசலில் நின்று கேட்டவன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க மாமனாரு ஆர்டருக்குக் கட்டுப்படுவாரா?" அவள் சொன்னது: "அவரு பத்தொம்போது வருஷமா ஆர்டருக்குக் கட்டுப்பட்டவரு சார்."

அவர் உடனே எழுதினார்.

அன்று மாலை அந்த உத்தரவைச் செபாஸ்டியன்தான் உரக்க வாசித்தான். இந்தப் பள்ளியின் இடைநிலை ஆசிரியை திருமதி விமலாராணி அவர்கள், மாணவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, நாள்தோறும் காலை 8.45 மணிக்குப் பள்ளி வளாகத்தில் இருந்து, முன்னதாக வரும் மாணவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் இதன்மூலம் அமர்த்தப்படுகிறார். இரண்டு முறை வாசித்தான். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எட்டே முக்காலுன்னா எட்டரைக்கே கேட்டத் தாண்டணுமே" என்றான்.

"ஆமா மாமா."

"ஆர்டர் போட்டுட்டான். என்னா பண்றது." கண்ணாடியைக் கழற்றினான். "இத்தினி வாத்தியாரு இருக்கறப்ப ஒன்னத்தான் போடணும்னு தெரிஞ்சிருக்குது பாரு. நான் போயிப் பேசுனது வீண்போவல."

ஜெயமேரி அடுப்பைப் பார்த்தாள். இந்தத் தடவை அடுப்பிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து விமலாராணி எட்டரைக்குக் கேட்டைத் தாண்டினாள். டீக்கடையில் யாராவது திரும்பிப் பார்த்தால் செபாஸ்டியனே கேட்டறையிலிருந்து குரல் கொடுப்பான்: "ஆர்டர்." ஒரு வாரத்தில் பிள்ளைகள் மேட்டில் ஏறுவது நின்றது. அவள் அவர்களை மரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தாள். சக்கரபாணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுத்த வாரம் நோட்டு இல்லாமல் பேசினார். அவர் சொன்னது, "டீச்சர், அந்தக் கடைசிப் பையன் எட்டாம் வாய்ப்பாட்டுல முழிக்கறான் பாருங்க." அவள் வீட்டில் அதை ஒரு பரிசுபோலச் சொன்னாள்.

பிப்ரவரி இருபத்தெட்டு அன்று அறிக்கை போனது. பதினாறு சிவப்புக் கோடுகளையும் அவர் மறைக்கவில்லை. அவற்றின் கீழே, உத்தரவுக்குப் பின் ஒரு நாளும் தாமதமில்லை, பணி மிகவும் திருப்தி என்று எழுதியிருந்தார். ஜூனில் நிரந்தரமானது. மே விடுமுறையிலேயே அவள் ஜபல்பூர் போய்வந்துவிட்டாள். வண்டி மாறும் இடமெல்லாம் நான் எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் நான் மறுபடி ஸ்டேஷன் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு, கேட்டறைக்குப் போனேன். அவன் மட்டும்தான் இருந்தான்.

"நாளைலேருந்து பாசஞ்சர் ஏழு நாப்பதுக்கு வருது" என்றேன்.

அவன் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி நின்றது.

"அப்ப இத்தினி நாளு?"

"இத்தினி நாளும் ரயிலு வந்த நேரத்துக்குத்தான வச்ச."

"ஆமா" என்றான். கண்ணாடியின் மூலையில் ஒரு தூசி இருந்தது. அதை வெகுநேரம் துடைத்தான். "ஆமாண்ணே. ரயிலப் பாத்துதான் வச்சேன்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அவன் இருந்தவரை பேசவில்லை.

ஊரில் இன்றைக்கும் சிலர் ஒன்று சொல்கிறார்கள். ஹெட்மாஸ்டர் சக்கரபாணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டறைக்கு வந்தார், மருமகளுக்காகச் சங்கை ஆறு நிமிஷம் முன்னால் ஊதச் சொன்னார், செபாஸ்டியன் ஒப்புக்கொண்டு மாற்றினான் என்று. அது பொய். சக்கரபாணி கேட்டறைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. 1969 ஏப்ரல் முதல் தேதி ரயில் நேரம் மாறியது. என் தம்பி அதைப் பார்த்துக் கடிகாரத்தை வைத்தான்.